தாலாட்டுக்கு எதற்கு இத்தனை சத்தம்?

ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் உட்கார்ந்து சத்தத்தைப் பற்றி எழுதுவது, மழையில் நனைந்துகொண்டே மழையைப் பற்றி எழுதுவது மாதிரி. இன்று காலை ஐந்தரைக்கே புனல் அலறத் தொடங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு விதி மறக்காது. மற்றவர்களுக்குத்தான் ஆடி பிறந்தால் மறந்துபோகிறது.

ஆனால் இன்று நான் சண்டைக்கு இழுப்பது புனல்காரரை அல்ல. ஊருக்கே கேட்கவேண்டும் என்று அவர் வைக்கிறார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஒருவர் தனியாகக் காதில் வைத்துக் கேட்கும் பாட்டைக்கூட புனல் மாதிரி ஆக்கிவிடுகிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு. அதில் முதல் பிரதிவாதி என் சொந்த அண்ணன் மகன்.

கதை 1971இல் தொடங்குகிறது. அண்ணனுக்கு முதல் பெண் பிறந்து நான்கைந்து மாதம் இருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.) திரும்பி வரும்போது ஒரு குருண்டிக் ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தெருவில் காதில் விழுகிற எதையும் பிடித்து வைப்பார்: புஷ்புஷ் வண்டியின் மணி, மாதா கோயில் மணி, அவர் மாமியாரின் திட்டு. ஒரு நாள் மத்தியானம், என் அம்மா தூளி ஆட்டிக்கொண்டு பாடியதையும் பிடித்துவிட்டார்.

ஆறு நிமிடப் பதிவு. முதலில் குழந்தையின் அழுகை, அதற்கு மேல் அம்மாவின் குரல் நன்றாகத் திறந்து வருகிறது. தூளிக் கயிறு உத்தரத்தில் உரசும் கிறீச் கிறீச். போகப்போக அழுகை சிணுங்கலாகிறது, சிணுங்கல் நிற்கிறது. அம்மாவின் குரலும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. கடைசி ஒன்றரை நிமிடம் சொற்களே இல்லை, வெறும் முனகல். பிறகு கயிறு மட்டும். எல்லாம் அடங்கிய பிறகு, மைக் இருக்கிற பக்கம் திரும்பி அம்மா கிசுகிசுப்பாகச் சொல்கிறார்: “தூங்கிட்டா. நிறுத்துங்க.”

என் அம்மாவின் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

சொல்தா காலமானபிறகு அவர் வீட்டார் அந்த நாடாவை எங்களிடம் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லாமல் பீரோவில் பல வருடம் கிடந்தது. அண்ணனின் கடைசி மகன் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறான். சினிமாப் பாட்டுகளை வெளியே அனுப்பும் முன்பு மாஸ்டரிங் செய்வது அவன் தொழில். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், கோப்பு கையெழுத்துக்குப் போகும் முன்பு கடைசியாக வந்து நிற்கிற மேசை. அவனிடம் நாடாவைக் கொடுத்தேன். “ஆயா குரல் சித்தப்பா, பிரமாதமா பண்ணிடறேன்” என்று வாங்கிப்போனான். பத்து நாளில் வாட்ஸப்பில் வந்தது.

கேட்டேன். அழுகை எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தத்தில் அம்மாவின் பாட்டு. பாட்டின் சத்தத்திலேயே முனகல். முனகலுக்குச் சமமாகத் தூளிக் கயிறு, கதவு கீல் மாதிரி. அம்மா மூச்சு விடும் இடமெல்லாம் நாடாவின் இரைச்சல் உஸ்ஸென்று எழும்பி வந்து, அடுத்த சொல் வந்ததும் பதுங்குகிறது. கடைசியில் அந்தக் கிசுகிசுப்பு: “தூங்கிட்டா. நிறுத்துங்க.” பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சொல்வது போலக் கேட்டது. அந்தச் சத்தத்தில் தூங்கிய பிள்ளையும் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

இதை என்ன செய்து இப்படி ஆக்கினாய் என்று கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னான்: லிமிட்டர்.

தெரியாதவர்களுக்கு எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கணினியில் அதற்குப் பூஜ்யம் என்று பெயர், அதற்கு மேல் போனால் உடைந்து கரகரக்கும். லிமிட்டர் அந்த வரம்பில் நிற்கிற காவல்காரர். வரம்பைத் தாண்டும் உச்சி வருகிறதா என்று ஓரிரு மில்லி செகண்டு முன்கூட்டியே பார்த்து, அந்த நொடிக்கு மட்டும் தலையை அழுத்திவிடுவார். அதுவரை தவறில்லை, அவசியமான வேலைதான். தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், காவல்காரர் இருக்கிறார் என்ற தைரியத்தில் கீழே இருப்பதை எல்லாம் ஏற்றிக்கொண்டே போகும்போது. உச்சி நசுங்குகிறது, பள்ளம் நிரம்புகிறது. மலையும் மடுவும் இருந்த இடம் கிரிக்கெட் மைதானம் ஆகிறது. அழுத்திய கையை வேகமாக எடுத்தால் ஒலி கரகரக்கும், மெதுவாக எடுத்தால் பின்னணி ஏறி இறங்கி மூச்சு வாங்கும். நான் கேட்ட நாடா இரைச்சலின் உஸ் அதுதான்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் சேவல் கொண்டைக்கும் மலை முகட்டுக்கும் ‘கிரெத்’ என்ற ஒரே சொல். ஒலி அலையின் உச்சியை வெட்டித் தள்ளுவதற்கு அதிலிருந்தே ‘எக்ரெத்தாஜ்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல் செய்திருக்கிறார்கள். கொண்டையை அறுத்த சேவல் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கூவும், ஆனால் சேவலாகத் தெரியாது.

அண்ணன் மகன் லேசுப்பட்டவன் அல்ல. அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு நேரிலேயே வந்துவிட்டான். “உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேற லிமிட்டர் போட்டுப் பாக்கலாம் சித்தப்பா” என்று திரையில் வரிசையாகக் காட்டினான். வேவ்ஸ் கம்பெனியின் எல் 2. இதன் மூத்த அண்ணனான எல் 1 வந்தது 1994இல், கணினியில் இந்த வேலையைப் பிரபலப்படுத்தியது அதுதான் என்றான். அப்புறம் ஃபேப்ஃபில்டர் புரோ-எல் 2. அப்புறம் ஐஸோடோப் ஓசோன். சிலவற்றுக்குள் பல பாணிகள். ஜவுளிக்கடையில் புடவை விரிப்பது மாதிரி விரித்தான். எது வேண்டும், எது வேண்டும் என்று கேட்டான்.

முதலில் நானும் ஏமாந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவதாகப் போட்டது நன்றாக இருந்தது. தெளிவாக, கனமாக இருந்தது. “இது பரவாயில்லையே” என்றேன். பையன் சிரித்தான். “அது மத்ததைவிட ரெண்டு டெசிபல் சத்தம் அதிகம், அவ்வளவுதான்.” இதற்குப் பழைய ஆராய்ச்சியே இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்து எழுதியிருக்கிறார்கள். மெல்லிய ஒலியில் நம் காது கீழ்ச்சுருதியைச் சரியாக வாங்குவதில்லை. சத்தம் கூடினால் அது நிறைந்து வருகிறது. அதனால் ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே ‘மேல்’ என்று தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

“அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் குறைத்து வை, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்” என்றேன். வைத்தான். மூன்று லிமிட்டரும், தொடாத மூலமும், நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டான். லேசாக ஒன்றிரண்டு டெசிபல் மட்டும் அழுத்தியபோது மூன்றுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்கும் பாதி தடவை தப்பியது. பத்து டெசிபல் அழுத்தியபோது மூன்றும் மூன்று விதமாகக் கெட்டிருந்தன. ஒன்று கரகரத்தது, ஒன்று மூச்சு வாங்கியது, ஒன்று ஈரத்துணி போர்த்தியது போல மங்கியது. மூலத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் நான் சரியாகச் சொன்னேன். அதில் மட்டும்தான் அம்மா தூளிக்குப் பக்கத்தில் இருந்தார். மற்றதில் எல்லாம் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தார்.

எந்த லிமிட்டர் நல்லது என்று இந்தப் பிள்ளைகள் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்களாம். எந்த அரிவாள் நல்லது என்ற விவாதம் அது. மரத்தை வெட்டவேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் கோப்பின் மேல் ‘அர்ஜெண்ட்’ என்று சிவப்புச் சீட்டு கட்டும் வழக்கம் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் நாளைக்கு ஒன்றிரண்டு வரும், பார்த்தவுடன் எழுந்து நிற்போம். பிறகு யாரோ தன் கோப்பு சீக்கிரம் நகரட்டும் என்று சாதாரண கோப்புக்கும் கட்டினார். அடுத்த மேசைக்காரர் விடுவாரா? ஐந்து வருடத்தில் சீட்டு இல்லாத கோப்பே இல்லை. ‘இம்மீடியட்’ வந்தது, ‘டாப் பிரையாரிட்டி’ வந்தது. கடைசியில் உண்மையிலேயே உயிர்போகிற ஒரு கோப்பு, ஒரு விதவையின் குடும்பப் பென்ஷன், சிவப்புக் குவியலுக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தது. கண்டெடுத்தவன் நான். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து என்ன சொன்னேன் என்று இப்போது எழுத விருப்பமில்லை. பாட்டு உலகத்தில் நடந்ததும் இதேதான். பக்கத்துப் பாட்டைவிட என் பாட்டு ஒரு படி சத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் ஏற்றினார்கள். வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘சத்தப் போர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2008இல் மெட்டாலிக்கா என்ற குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ வந்தபோது, இரைச்சலுக்கே பெயர் போன அந்தக் குழுவின் ரசிகர்களே காது தாங்கவில்லை என்று மனு போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் போருக்கு இப்போது காரணமே இல்லை. சத்தத்தை உச்சியால் அளக்காமல், காது உணர்கிற விதத்தில் அளக்கும் முறையை 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. எல்.யு.எஃப்.எஸ். என்று அந்த அளவைச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் மைனஸ் 23 என்று வைத்தார்கள். விளம்பரம் வந்ததும் டிவி கத்துவதைத் தடுக்க அமெரிக்காவில் அதே வருடம் சட்டமே போட்டார்கள். பாட்டுக்கும் அந்த முறை வந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை ஏறக்குறைய மைனஸ் 14க்குக் கொண்டுவருகிறது, யூடியூபும் அதற்கு மேல் இருப்பதை இறக்குகிறது. அண்ணன் மகன் அம்மாவின் தாலாட்டை மைனஸ் 8க்கு ஏற்றியிருந்தான். அதை அங்கே போட்டால் என்ன ஆகும்? “ஆறு டெசிபல் குறைச்சிடுவான் சித்தப்பா” என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. சத்தம் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும். பிறகு எதற்கு நசுக்குகிறாய் என்றேன். “கிளையண்ட் கேக்கறாங்க” என்றான். கோப்பில் ‘மேலிட உத்தரவு’ என்று எழுதி நானும் நிறையக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதால் அவனை அதிகம் திட்டவில்லை.

என் அம்மாவின் நாடா எங்கள் குடும்பத்து விஷயம் என்று விட்டுவிடலாம். ஆனால் நம் தலைமுறையின் பாட்டுகள் எல்லாம் இப்போது ‘ரீமாஸ்டர்’ என்ற முத்திரையோடு வருகின்றனவே, அவை பொதுச்சொத்து. 1962இல் வந்த ‘படித்தால் மட்டும் போதுமா’ படத்தில் டி.எம்.எஸ்.ஸும் பி.பி.ஸ்ரீநிவாஸும் சேர்ந்து பாடும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன், ராமமூர்த்தி இசை. ஒருவர் மார்பிலிருந்து பாடுகிறவர், மற்றவர் காதோடு பேசுகிறவர். அண்ணன் தம்பி இருவரின் குணமும் அந்தக் குரல் வேறுபாட்டில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டு எனக்கு ஒரு தடவை சத்தம் ஏற்றிய பிரதியாக வந்து சேர்ந்தது, யார் செய்ததோ. பி.பி.எஸ். மெகாஃபோனில் பேசுகிறார். அந்தக் காலத்தில் உச்சஸ்தாயி போகும்போது பாடகர் மைக்கைவிட்டுக் கொஞ்சம் விலகுவார், இறங்கும்போது நெருங்குவார். அவர் கழுத்துதான் லிமிட்டர். எங்கே எவ்வளவு என்பது அவருக்கும் இசையமைப்பாளருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் முடிவு செய்துவிட்ட ஒன்றை, அறுபது வருடம் கழித்து ஒரு பட்டையை இழுத்து மாற்ற நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

‘தளபதி’ (1991) படத்தில் எஸ்.பி.பி.யும் எஸ். ஜானகியும் பாடும் காதல் பாட்டும் அப்படித்தான். நடுவில் போர்க்களம் வந்து போகும். போர் சத்தமாக இருப்பதால்தான், திரும்பி வரும் ஜானகியின் குரல் நெஞ்சைப் பிடிக்கிறது. இளையராஜா அந்தப் பள்ளத்தை வெட்டியே வைத்திருக்கிறார். அதை மண் போட்டு மூடினால், போரும் காதலும் ஒரே ரோட்டில் போகும் இரண்டு லாரி.

என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் நானே காட்டிவிடுகிறேன். “பஸ்ல, பைக்ல, மிக்ஸி ஓடற சமையல்கட்டுல கேக்கறாங்க சித்தப்பா. மெல்லிசா இருந்தா ஒண்ணுமே கேக்காது. வயசானவங்களுக்குத்தான் இது ரொம்ப உதவி” என்றான் பையன். உண்மை. இரண்டு வருடமாக நானே காதுக் கருவி போடுகிறவன். மெல்லியது கேட்காது, சத்தம் கொஞ்சம் கூடினால் வலிக்கும். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இதுதான் நிலை. ஆனால் என் காதுக் கருவிக்குள்ளேயே அந்த வேலையைச் செய்யும் சில்லு இருக்கிறதே! மெல்லியதைத் தூக்கும், உரத்ததைத் தடுக்கும். என் வலது காதுக்கு ஒரு அளவு, இடது காதுக்கு வேறு அளவு என்று பரிசோதித்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கனவே நசுக்கிய பாட்டை அது இன்னொரு தடவை நசுக்கும்போது வருவது பாட்டு அல்ல, கூழ். நசுக்காத பாட்டை எனக்குத் தேவையான அளவு நான் நசுக்கிக் கேட்கலாம். நசுக்கியதை விரிக்க எந்தக் கருவியாலும் முடியாது. மிளகாயைத் தனியாக வையுங்கள், வேண்டியவர் கடித்துக்கொள்கிறோம். குழம்பிலேயே கொட்டிவிட்டு, காரம் வேண்டாதவர் எழுந்து போங்கள் என்று சொன்னால் எப்படி?

இன்னொன்று. திக்தே என்று எங்களுக்கு ஒரு பாடம், ஆசிரியர் பிரெஞ்சில் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதவேண்டும். எங்கள் ஆசிரியர் வகுப்பு இரைந்தால் கத்தமாட்டார். குரலைத் தாழ்த்துவார். இன்னும் தாழ்த்துவார். நாற்பது பையன்களும் பேனாவின் கீறலைக்கூட அடக்கிக்கொண்டு காதைக் கொடுப்போம். அவர் கத்தியிருந்தால் எங்களுக்கு இலக்கணம் வந்திருக்காது. எதற்கு இதைச் சொல்ல வந்தேன் என்றால், மெல்லிய இடத்தில் கேட்பவன் சும்மா இருப்பதில்லை, எழுந்து கிட்டே வருகிறான்.

அன்று மாலை பையனோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தேன். முதலில் நாடாவில் இருப்பதை அப்படியே, எதையும் தொடாமல், ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிடவேண்டும். (வீட்டில் பழைய கேசட், ஸ்பூல் வைத்திருக்கும் நண்பர்கள் யாரிடம் கொடுத்தாலும் இதை முதலில் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு அவர்கள் என்ன வித்தை காட்டினாலும் பயமில்லை.) மற்றப் பிரதியில், குழந்தை வீறிடும் இரண்டு இடங்களில் மட்டும் லிமிட்டர் தொடலாம், உச்சி மைனஸ் 1ஐத் தாண்டாமல். மற்ற இடமெல்லாம் அம்மா விட்டபடியே. எந்தக் கம்பெனி லிமிட்டர் என்று கேட்டான். எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றேன்.

அந்தப் பிரதியைப் பாரிஸ் பக்கத்தில் இருக்கும் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். தூளியில் இருந்தவள் அவள்தான். இப்போது அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “சித்தப்பா, சத்தமே வரல. ஃபைல் கெட்டுப்போச்சா?” மெட்ரோவில் வேலைக்குப் போய்க்கொண்டே கேட்டிருக்கிறாள்.

ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போட்டுக் கேள் என்று எழுதினேன்.

மறுநாள் போன் செய்தாள். ஆயாவின் குரலை அவள் நினைவறிந்து கேட்டதில்லை. அவளுக்கு மூன்று வயதாகும் முன்பே அம்மா போய்விட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “கடைசியில கயிறு சத்தம் நின்னப்புறம் ஏதோ சொல்றாங்களே சித்தப்பா, நாலு தடவை போட்டுப் பாத்தேன். என்ன அது?” என்றாள்.

நீ தூங்கிட்டேன்னு சொல்றாங்கம்மா, என்றேன்.